பேட்ஜக்கா அனுப்பிய சிங்க மூட்டை

பேட்ஜக்கா தன் நாத்தனாருக்கு எண்பதாயிரம் கடன்பட்டிருந்தாள்.

இதை மூடி மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவளே மறைக்க மாட்டாள். பட்டறைக்கு வருகிறவர்கள் நடுவில் நிற்கும் பெரிய எம்ப்ராய்டரி மெஷினைப் பார்த்து, "என்னக்கா, சொந்த மெஷினா?" என்று வாயைப் பிளந்தால், "மெஷின் என்னோடது, காசு என் நாத்தனாரோடது" என்று பட்டென்று பதில் வரும். பதினைந்து ஊசி, பதினைந்து நூல்கண்டு, கம்ப்யூட்டர் சொன்ன இடத்தில் மூச்சு விடாமல் குத்திக்கொண்டே போகிற மெஷின் அது. கடனுக்குச் சீட்டு இல்லை, சாட்சி இல்லை, வாய்ப்பேச்சுதான். நாத்தனார் கேட்கிற நாளில் பணத்தைத் தர வேண்டும். பணம் இல்லையென்றால் மெஷின் அவளுடையது. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

பேட்ஜக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பள்ளிக்கூடச் சட்டைப் பையின்மேல் இருக்கிற முத்திரையை எல்லோரும் பேட்ஜ் என்கிறார்கள். அதைத் தைத்தே தலையெடுத்தவள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. படித்தது நாலாம் வகுப்பு. அதைப் பற்றிக் கேட்டால் கூச்சப்படுவாள் என்று நினைத்தவர்கள் ஏமாந்து போவார்கள்.

"நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது நாலே வருஷம். இப்ப நாற்பது ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பசங்க என் கைவேலையை நெஞ்சுல வச்சுக்கிட்டுப் போறாங்க. யாரு யாரைப் படிக்க வச்சாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க" என்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் பெருமையில் பொய் இல்லை. முதல் வேலை ஒரு தையல் கம்பெனியில் தரையில் உட்கார்ந்து சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறை வெட்டுவது. குனிந்த தலை நிமிராமல் வெட்ட வேண்டும். பேட்ஜக்கா நிமிர்ந்து நிமிர்ந்து அடுத்த அறையின் எம்ப்ராய்டரி மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சூப்பர்வைசர் அவளைத் துரத்திவிட்டார். "அவரு மட்டும் துரத்தலன்னா நான் இன்னும் பிசிறுதான் வெட்டிக்கிட்டு இருப்பேன். அவருக்கு ஒரு மாலை போடணும்" என்று இன்றைக்கும் சொல்வாள். பிறகு வாடகைக்கு ஒரு மிதி மெஷின் எடுத்துக் கைக்குட்டையிலும் துண்டிலும் பெயர் தைத்தாள். பிறகு ஒற்றை ஊசி மெஷின். ஐம்பது வயதைத் தாண்டியபின் மகளின் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மௌஸைப் பிடித்தாள். முதல் வாரம் அது மேசையைவிட்டு ஓடி ஓடிக் கீழே விழுந்தது. விடுவாளா? ஊசியையே அடக்கியவளுக்கு இது எம்மாத்திரம்!

எம்ப்ராய்டரிக்குச் சிங்கத்தை வரைந்துவிட்டால் மட்டும் போதாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும், முகம் முதலிலா பிடரி முதலிலா, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போக வேண்டும். புள்ளி தப்பினால் துணி சுருங்கும், நூல் அறும். பேட்ஜக்கா வைத்த புள்ளியில் துணி சுருங்கினதாகச் சரித்திரம் கிடையாது. அதனால்தான் சீருடை மொத்த வியாபாரம் செய்கிற முதலாளி அவளைத் தேடி வந்தார். பல ஊர்ப் பள்ளிகளுக்குச் சட்டை கொடுப்பவர் அவர். பேட்ஜைத் தைப்பது அந்தந்த ஊரில் உள்ள சின்னச் சின்னப் பட்டறைகள். டிசைன் மட்டும் பேட்ஜக்காவிடமிருந்து போக வேண்டும்.

அந்தப் 'போக வேண்டும்' என்பதில்தான் வில்லங்கம். ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொரு கம்பெனி மெஷின். ஒரு மெஷினுக்குப் புரிகிற ஃபைல் இன்னொன்றுக்குப் புரியாது. ஒரே சிங்கத்துக்கு ஆறு விதமான ஃபைல் அனுப்ப வேண்டும். கூடவே எந்த ஊசிக்கு எந்த நிற நூல் என்று ஒரு தாள். பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பிப் பார்த்தாள். பாதி தொலைந்தது, மீதி நனைந்தது. செல்போனில் ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தாள். அப்போது பிறந்ததுதான் பச்சைச் சிங்கம். ஒரு பட்டறைக்காரருக்கு ஃபைல் போய்விட்டது, நிறத் தாள் போகவில்லை. அந்தப் புண்ணியவான் கைக்குக் கிடைத்த நூலை மாட்டி ஓட்டிவிட்டார்.

முதலாளி சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து பட்டறை மேசையில் கொட்டினார்.

"அக்கா, இது சிங்கமா, தவளையா?"

"பிடரி வச்ச தவளையை நீங்க எங்கே பார்த்தீங்க முதலாளி? சிங்கம்தான். நூல் மாட்டினவன்தான் தவளை."

வாய் ஜெயித்தது. ஆனால் நஷ்டத்தில் பாதி அவள் தலையில் விழுந்தது.

இந்தக் கதையைக் கேட்ட மாப்பிள்ளைதான் வழி சொன்னார். மகளைக் கட்டியவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தங்கமான மனிதர். மாமியார் பேச்சுக்கு மறுபேச்சு மட்டும் வராது. மாமியார் கொடுத்த டீ ஜில்லென்று ஆறிக் கிடந்தாலும் ஊதி ஊதிக் குடிப்பார்.

"அத்தை, எல்லா ஃபைலையும் ஒரே மூட்டையா கட்டிடலாம். ஜிப் ஃபைல்னு பேரு. நிறத் தாளும் அதுக்குள்ளேயே இருக்கும். வந்தா எல்லாம் சேர்ந்து வரும்."

"வரலன்னா?"

"ஒண்ணுமே வராது."

"அது தேவலாம். பச்சைச் சிங்கம் வராம இருந்தா சரி."

"அதோட, மூட்டையை அமுக்கிச் சின்னதாவும் ஆக்கிடும். சீக்கிரம் போய்ச் சேரும்."

"அமுக்கினா சிங்கம் கசங்காதா மாப்பிள்ளை?"

மகள் களுக்கென்று சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை; மாமியார் கேட்ட கேள்விக்குச் சிரிக்கிற தைரியம் அவருக்கு ஏது?

"துணியை அமுக்கினாதான் கசங்கும் அத்தை. இது கணக்கு. 'தங்க நூல், தங்க நூல், தங்க நூல்'னு நூறு தடவை எழுதறதுக்குப் பதிலா 'தங்க நூல், நூறு தடவை'ன்னு எழுதி வச்சுக்கும். பிரிச்சா பழையபடி நூறும் வந்துடும்."

"அட, மளிகைக் கடைக்காரன் புத்தி! எனக்குப் பிடிச்சிருக்கு."

"அதை சர்வர்ல வச்சிடுவோம்."

"ஹோட்டல்ல பரிமாறுவாரே, அந்த சர்வரா?"

"கிட்டத்தட்ட அந்த வேலைதான் அத்தை. எங்கேயோ ஒரு இடத்துல ராத்திரி பகலா கண்ணு மூடாம ஓடுற வாடகைக் கம்ப்யூட்டர். பட்டறைக்காரர் நம்ம வெப்சைட்டுக்கு வந்து பட்டனைத் தட்டினா, அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து பேட்ஜை மட்டும் எடுத்து அங்கேயே மூட்டை கட்டிக் குடுத்துடும். அவர் டவுன்லோட் பண்ணிப் பிரிச்சுக்க வேண்டியதுதான்."

பேட்ஜக்காவுக்குத் தலைகால் புரியவில்லை, அத்தனை சந்தோஷம். தான் தூங்கும்போதும் தன் சிங்கம் ஊர் ஊராகப் போகும் என்றால் சும்மாவா! நேராக முதலாளி கடைக்குப் போனாள். வருகிற பள்ளி வருஷத்துக்கான அத்தனை டிசைனையும் மொத்தமாகத் தொண்ணூறாயிரத்துக்கு விலை பேசினாள். எல்லாப் பட்டறையும் டவுன்லோட் செய்து பிரித்துவிட்டதாகச் சொன்ன அன்றே ரொக்கம் என்று முதலாளி ஒப்புக்கொண்டார்.

எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, அந்த வாரமே நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, என் பையன் தனியா பட்டறை வைக்கிறான். பணம் வேணும், இல்லன்னா மெஷின் வேணும். எது கிடைச்சாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

"திங்கட்கிழமை பட்டறைக்காரங்க எல்லாம் டிசைனை எடுத்துக்கறாங்க, அன்னைக்கே எனக்குப் பணம் வருது. அன்னைக்கு வந்து வாங்கிக்க" என்றாள் பேட்ஜக்கா. மெஷின் போய்விட்டால் டிசைனைத் தைத்துச் சரிபார்க்க வழியில்லை. தைத்துப் பார்க்காத டிசைனை ஒருவரும் வாங்க மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிய காலத்துக்குத் திரும்பிப் போவதா? அந்த நினைப்பையே அவள் பக்கத்தில் அண்டவிடவில்லை.

மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வெப்சைட்டைக் கட்டினார். வேறு கம்ப்யூட்டரிலிருந்து டவுன்லோட் செய்து பிரித்துப் பார்த்தார்கள். சிங்கம், விளக்கு, திறந்த புத்தகம் என்று எல்லாம் அம்சமாக வந்தன. வீடே கைதட்டியது. பேட்ஜக்கா மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. ஆனா ஊமை மாதிரி இருக்கே."

"ஊமையா?"

"என் பட்டறை வாசலை மிதிச்சவங்களுக்கு 'வாங்க வாங்க, உட்காருங்க'ன்னு சொல்லாம நான் ஒரு ஊசிகூட எடுத்துக் குடுத்ததில்ல. இத்தனை வருஷமா வியாபாரம் நிக்குதுன்னா இந்த வாயாலதான் நிக்குது. நம்ம சர்வரும் சொல்லணும். எதைக் குடுத்தாலும் முதல்ல அதைச் சொல்லிட்டுத்தான் குடுக்கணும்."

"எதைக் குடுத்தாலுமா அத்தை?"

"எதைக் குடுத்தாலும்!"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். பிறகு, "சரிங்க அத்தை" என்றார். வெப்சைட்டில் எது வெளியே போனாலும் அதற்கு முன்னால் ஓடுகிற பொதுவான பகுதி ஒன்று உண்டு. அதன் தலையில் அந்த வரியைப் போட்டுவிட்டார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உச்சியில் 'வாங்க வாங்க, உட்காருங்க' என்று சிவப்பு எழுத்தில் மின்னியது. பேட்ஜக்கா ஒவ்வொரு பக்கமாகத் திறக்கச் சொல்லி ரசித்தாள். மூட்டையை மறுபடி பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் பட்டறை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நாத்தனார் இறங்கினாள். பின்னாலேயே நாலு லோடுமேன்கள் குதித்தார்கள். நாத்தனாரின் அண்ணன், அதாவது பேட்ஜக்காவின் வீட்டுக்காரர், தங்கையை ஒரு பார்வை பார்த்தார், மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "பாபின் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அலமாரியில் அடிநூல் சுற்றிய பாபின் இரண்டு டப்பா நிறைய இருந்தது.

"என்ன அண்ணி, மெஷினைப் பளபளன்னு துடைச்சு வச்சிருக்கீங்க. எனக்காகவா?"

"உன் கண்ணு பட்டா துருப்பிடிச்சிடுமேன்னு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். வா வா, உட்காரு. வேன் எதுக்கு?"

"சும்மா, காத்தாட வந்தேன்."

"லோடுமேன் நாலு பேரும் காத்தாடத்தான் வந்தாங்களா?"

"அவங்களுக்கும் வேர்க்கும்ல அண்ணி!"

மாப்பிள்ளை மூலையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பட்டறை டவுன்லோட் செய்து முடித்தால் அதில் 'டிங்' என்று மணி அடிக்கும்படி செய்திருந்தார். முதல் டிங் கேட்டதும் பேட்ஜக்கா லோடுமேன்களைப் பார்த்து, "கேட்டீங்களா தம்பிகளா? எங்கேயோ ஒரு ஊர்ல என் சிங்கம் இறங்கிடுச்சு!" என்று கத்தினாள். அடுத்த டிங். அதற்கடுத்த டிங். சரம் சரமாக மணி. ஒரு மெஷினும் ஓடாத பட்டறையில் அத்தனை சத்தம். பேட்ஜக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நாத்தனாரின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

பிறகு செல்போன் அடித்தது.

"அக்கா, மூட்டை வந்துடுச்சு, பிரிய மாட்டேங்குது. கெட்டுப்போன ஃபைல்னு சொல்லுது."

வைத்த கையோடு இன்னொரு போன். அதே புகார். மகளின் போனும் அடித்தது. பட்டறைகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடின: வருகிறது, திறக்கவில்லை. மாப்பிள்ளை தாமே டவுன்லோட் செய்து பார்த்தார். திறக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மாப்பிள்ளை, வழியில யாராவது பிரிச்சுப் பார்த்துட்டாங்களா?"

"இல்ல அத்தை. அங்கே கட்டின மூட்டையும் இங்கே வந்த மூட்டையும் ஒரே அளவு. ஒரு பொட்டுகூடக் கூடல, குறையல. அதுதான் எனக்கு ஒண்ணும் புரியல."

மூன்றாவது இடி முதலாளி ரூபத்தில் இறங்கியது. "அக்கா, பட்டறைக்காரங்க எல்லாம் என்னைப் பிடிச்சு உலுக்குறாங்க. மதியத்துக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன். தவளையை நான் இன்னும் மறக்கல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நாத்தனாருக்குக் காது கூர்மை. எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"தம்பிகளா, போல்ட்டைக் கழட்டுங்க."

"மதியம் வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்று மகள் கேட்டாள்.

"கழட்டித்தானே வைக்கச் சொன்னேன், தூக்கவா சொன்னேன்? தூக்கறதுக்கு மதியம் வரைக்கும் பொறுக்கறேன். நான் என்ன கல்நெஞ்சக்காரியா?"

ஸ்பேனர் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு போல்ட் கழன்று தரையில் விழும்போதும் பேட்ஜக்காவுக்குத் தன் பல்லைப் பிடுங்குவது போல இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "போல்ட்டை ஒரே டப்பாவுல போடுங்க. திரும்ப மாட்டும்போது தேடக் கூடாது" என்றாள். அந்த நிலையிலும் பேச்சைப் பாருங்கள்!

அப்போது தொப்பிக்காரர் போன் செய்தார். பக்கத்து ஊரில் தொப்பிக்கு எம்ப்ராய்டரி போடுகிற பழைய சிநேகிதர்; அவர் ஊர் பேட்ஜைத் தைப்பதும் அவர்தான். பேட்ஜக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் செல்போன்ல தட்டினேன். எதுல திறக்கணும்னு கேட்டுச்சு. எனக்கென்ன தெரியும், என்னமோ ஒண்ணை அமுக்கிட்டேன். எழுத்தா திறந்துடுச்சு. ஒரே கிறுக்கல். கட்டம் கட்டமா, கேள்விக்குறியா ஓடுது. முதல் வரி மட்டும் நல்லா இருக்கு."

"என்ன இருக்கு?"

"'வாங்க வாங்க, உட்காருங்க'ன்னு இருக்கு. நானும் உட்கார்ந்துட்டேன். அடுத்து என்ன பண்ணணும்?"

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அண்ணே, அதுக்கு அடுத்து என்ன இருக்கு? பார்த்துச் சொல்லுங்க!"

"பி, கே. ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. அப்புறம் மறுபடி கிறுக்கல்தான்."

மாப்பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் மலர்ந்தது, அதே வேகத்தில் வாடியது. மாமியாரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அது வந்து அத்தை... சின்ன விஷயம்தான்... சர்வர்ல..."

"வாயைத் திறந்து சொல்லுங்க மாப்பிள்ளை. அங்கே என் மெஷினோட கால் கழலுது!"

"அது... நீங்க சொன்னதை நான்தான்... வேற இடத்துல..."

மகளுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, உன் 'வாங்க வாங்க'தான் மூட்டைக்குள்ள ஏறி உட்கார்ந்திருக்கு. அதை எப்படிச் சொல்றதுன்னு இவரு முழிக்கிறாரு."

ஸ்பேனர் சத்தம்கூட நின்றது. லோடுமேன்களுக்கும் கேட்க ஆசை இருக்காதா?

இனி மறைத்துப் பயனில்லை என்று மாப்பிள்ளை விளக்கினார். ஜிப் ஃபைல் என்றால் 'பி, கே' என்ற அந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் முதலில் வரவேற்கச் சொன்னதால், சர்வர் மூட்டைக்கும் முன்னால் அந்த வரியை ஏற்றிவிட்டது. அது மட்டும் என்றால்கூடச் சில கம்ப்யூட்டர் சமாளித்திருக்கும்.

"அனுப்பும்போதே 'மூட்டை இவ்வளவு பெரிசு'ன்னு அளவு சொல்லித்தான் அனுப்புறோம் அத்தை. அந்தப் பக்கம் அவ்வளவு வாங்கினதும் கதவைச் சாத்திடும். முன்னால 'வாங்க' ஏறினதால, அதே அளவுக்குப் பின்னால இருந்த சரக்கு ஏற முடியாம நின்னுபோச்சு. அதனாலதான் அளவு சரியா இருந்தது. மூட்டைக்குள்ள என்னென்ன எங்கெங்கே இருக்குன்னு ஒரு பட்டியல் உண்டு. அது இருக்கிறது கடைசியில. வெட்டுப்பட்டது அதுதான்."

பேட்ஜக்கா அதைத் தன் கணக்கில் போட்டுப் பார்த்தாள்.

"அதாவது, பஸ்ல இத்தனை பேர்தான்னு கணக்கு. முன்வாசல்ல நான் ஏறி உட்கார்ந்துட்டேன். பின்வாசல்ல கடைசியா ஏற வேண்டிய ஆளை விட்டுட்டு பஸ் கிளம்பிடுச்சு."

"ஆமாங்க அத்தை."

"அந்தக் கடைசி ஆளு கண்டக்டர்!"

"ஆமாங்க அத்தை."

ஒரு லோடுமேன் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பேட்ஜக்கா அவரைப் பார்த்தாள். எல்லோரும் அவள் வாயிலிருந்து இடி விழும் என்று எதிர்பார்த்தார்கள். அவள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"பார்த்தியா என் வாயை! நாற்பது ஊருக்கும் போயிருக்கு! போன ஊர்ல எல்லாம் வாசலை அடைச்சுக்கிட்டு நின்னிருக்கு! ஏன் மாப்பிள்ளை, 'இது வேண்டாம் அத்தை'ன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க 'எதைக் குடுத்தாலும்'னு அழுத்திச் சொன்னீங்க அத்தை..."

"நான் ஆயிரம் சொல்லுவேன். பக்கத்துல எல்லாம் அது அப்படியே இருக்கட்டும், வர்றவங்களுக்கு வாசல்லயே சொல்லிடுவோம். மூட்டை மட்டும் வாயை மூடிக்கிட்டுப் போகட்டும். எடுங்க, எடுங்க!"

மாப்பிள்ளையின் விரல்கள் பறந்தன. மூட்டை போகிற வழியில் மட்டும் அந்தப் பொதுவான பகுதி ஓடாதபடி மாற்றினார். தொப்பிக்காரரை மறுபடி டவுன்லோட் செய்யச் சொன்னார்கள். டிங் என்றது. ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பட்டறையே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"பிரிஞ்சிடுச்சு அக்கா! ஆறு சிங்கம்! நிறத் தாளும் இருக்கு!"

மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு போனை எடுத்து ஒவ்வொரு பட்டறையாகக் கூப்பிட்டார்கள். "மறுபடி தட்டுங்க, இப்பத் திறக்கும்!" டிங், டிங், டிங். மணி ஓயவில்லை. பேட்ஜக்கா முதலாளியைக் கூப்பிட்டாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை.

"போன்ல சொல்றதை எல்லாம் நான் நம்ப மாட்டேன் அக்கா. நானே வரேன். என் கண்ணு முன்னால டவுன்லோட் பண்ணி, பிரிச்சு, தைச்சுக் காட்டணும்."

மூன்று தெரு தள்ளிதான் அவர் கடை. ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். வந்தவர் மெஷினைப் பார்த்துத் திகைத்தார். தரையில் பிடித்திருந்த போல்ட் எல்லாம் டப்பாவில் கிடந்தது. மெஷின், போல்ட் கழற்ற முட்டுக் கொடுத்த இரண்டு கட்டையின்மேல் நொண்டிக்கொண்டு நின்றது.

"இது ஓடுமா?"

"ஓடும் முதலாளி. ரொம்ப ஓடும், வாசலைத் தாண்டியே ஓடும்" என்றாள் பேட்ஜக்கா. வேகம் எடுத்தால் அந்த மெஷின் குதிக்கும். போல்ட் இல்லாமல் ஓட்டினால் நகர்ந்துகொண்டே போகும். ஊசி முறியும், சிங்கம் கோணலாகும். மறுபடி போல்ட் முறுக்கிச் சமன் பார்க்க நேரமில்லை, மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பினாள். "தம்பிகளா, ஆளுக்கொரு காலைப் பிடிங்க. கன்னுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி அமுக்கிப் பிடிங்க."

லோடுமேன்கள் நாத்தனாரைப் பார்த்தார்கள். கூலி கொடுக்கிறவள் அவள் அல்லவா?

"என்னை என்னடா பார்க்கிறீங்க? பிடிங்க!" என்றாள் நாத்தனார். அவளுக்கும் சிங்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பற்றிக்கொண்டது.

மாப்பிள்ளை முதலாளியின் கண்முன்னே பட்டனைத் தட்டினார். மூட்டை வந்தது. பிரித்தார். அந்த மெஷினுக்கான ஃபைலை எடுத்து அதில் ஏற்றினார். பேட்ஜக்கா வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்து மாட்டி, நிறத் தாளைப் பார்த்து நூல்களைக் கோத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

தடதடதடவென்று மெஷின் அதிர்ந்தது. நாலு லோடுமேன்களும் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினார்கள். அவர்கள் கன்னமெல்லாம் ஆடியது. "அக்கா, இது மெஷினா, மாடா?" என்று ஒருவர் நடுங்குகிற குரலில் கேட்டார். "விட்டா உதைக்கும், பிடி!" என்றாள் பேட்ஜக்கா. முகம் வந்தது. மூக்கு வந்தது. ஊசி மாறியது. பிடரிக்குத் தங்க நூல் ஓடத் தொடங்கியபோது, அதிர்வில் அந்தக் கண்டு முளையைவிட்டு எகிறியது.

"ஐயோ அண்ணி, தங்க நூல்!" என்று பாய்ந்து பிடித்தாள் நாத்தனார். பிடித்த கண்டைத் தலைக்குமேல் தூக்கி, நூல் இழுபடாமல் விட்டுக் கொடுத்துக்கொண்டே, மெஷினோடு சேர்ந்து தானும் ஆடினாள். பிடரியின் கடைசிச் சுருள் முடியும்வரை கையை இறக்கவில்லை.

மெஷின் நின்றது. லோடுமேன்கள் பிடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பேட்ஜக்கா துணியைக் கழற்றிப் பிசிறை வெட்டி முதலாளியிடம் நீட்டினாள். அவர் முன்பக்கத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். முடிச்சு இல்லை, சுருக்கம் இல்லை.

"சிங்கம்தான்" என்றார்.

"தங்கச் சிங்கம்னு சொல்லுங்க முதலாளி. காசா பணமா?"

"காசும் உண்டு, பணமும் உண்டு" என்று சிரித்துக்கொண்டே தன் பட்டறைக்காரர்களுக்கு வரிசையாகப் போன் போட்டுக் கேட்டார். எல்லோரும் பிரித்துவிட்டார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். முதலாளி கைப்பையைத் திறந்து தொண்ணூறாயிரத்தையும் மேசையில் வைத்தார்.

நாத்தனார் இன்னும் தங்க நூல்கண்டைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அவசரமில்ல. பாதியை இப்பக் குடுங்க, மீதியை மெதுவா..."

"மெதுவா எதுவும் வேண்டாம்."

"இல்ல அண்ணி, என் பையனுக்கும் தொப்பிக்கு டிசைன் வேணும். உங்க வெப்சைட்ல கிடைக்குமா? சொந்தக்காரங்களுக்குச் சும்மா தருவீங்களா?"

"சொந்தக்காரங்களுக்கு 'வாங்க வாங்க' மட்டும்தான் சும்மா. மூட்டைக்குக் காசு" என்றாள் பேட்ஜக்கா. "நூலைக் கீழே வை. கையை நீட்டு."

நாத்தனார் கண்டை மேசையில் வைத்துவிட்டு, வியர்வையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வலக்கையை விரித்தாள். லோடுமேன்கள் போல்ட் டப்பாவை எடுத்து மெஷினின் காலில் மறுபடி முறுக்கத் தொடங்கியிருந்தார்கள். பேட்ஜக்கா அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி, முதலாளிக்கும் மாப்பிள்ளைக்கும், அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்த வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி, உரக்க எண்ணினாள். எண்ண எண்ண நாத்தனாரின் கை கனத்துத் தாழ்ந்தது. பேட்ஜக்கா இடக்கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எண்பதாயிரத்தின் கடைசி நோட்டையும் அந்த உள்ளங்கையில் வைத்தாள்.